ராகுகாலத்தில் கூடிய கோர்ட்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் நீதிபதியாக இருந்தேன். பதவிக்காலம் முக்கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் ஒரு மந்திரியை விசாரித்தேன், ஒரு வக்கீலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன், ஒரு கேள்வியைச் செல்லாது என்று தள்ளினேன். தீர்ப்பு மட்டும் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை என்பதே சரி. அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

அன்றைக்கு என் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டதால் திருத்தணியில் எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்தவர் மாமா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடியோ டெக்கும் சினிமா கேசட்டும் வாடகைக்கு விடும் கடை அவருடையது. அவர் சாப்பிடப் போகும் நேரங்களில் கடையில் சித்திதான் உட்காருவாள். என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். அவ்வளவுதான் எங்கள் வீடு.

அதற்கு முன் மூன்று பேர் வந்து சித்தியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் அரக்கோணத்தில் ரயில்வே வேலை; கேசரி சாப்பிடும் வரை எங்கள் வீட்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பொதட்டூர்பேட்டை, சொந்தமாகத் தறிகள் உள்ளவர். அவருக்குப் பதிலாக அவருடைய பெரியப்பா பேசினார். மூன்றாமவரைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை. சித்திக்கும் நினைவிருக்காது. மூவரையும் அவள் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்.

"அவுங்க வாய்ல இருந்து ஒரு வார்த்தை வரலியேக்கா. ஆளு நல்லவனா கெட்டவனான்னு கேசரி தின்றத வெச்சா கண்டுபிடிக்கறது?"

பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளை பேசமாட்டான், பெண் பேசக் கூடாது, மற்ற எல்லோரும் பேசுவார்கள். ஊர் வழக்கம் அது. அதை மாற்ற நைனாவுக்குத் தெம்பில்லை. நாலாவது ஆள் வருகிற செய்தி வந்ததும் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்: "இதான் கடைசி. இவரையும் வேணாம்னா, அடுத்தது யாரா இருந்தாலும் நானே முடிவு பண்ணிடுவேன். உன்னைக் கேக்கமாட்டேன்." நைனா சாதாரணமாகக் கோபப்படமாட்டார். அதனால் அந்த வார்த்தை வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது. சித்தி அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டாள்.

நாலாவது ஆள் வக்கீல். பள்ளிப்பட்டுக்காரர். எங்கள் ஊர் கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களைச் சும்மா உட்காரவைக்க, மதியமே மாமா டெக்கையும் ஒரு கேசட்டையும் கொண்டுவந்து டி.வி.யோடு இணைத்திருந்தார். எங்களை என்றால் என்னையும் தெருப் பிள்ளைகளையும். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து போயிருந்ததால் அந்தப் படத்தின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெருவில் எல்லோரும் கோர்ட்டுப் படம் என்றுதான் சொல்வார்கள். அப்போதே அது பழைய படம்.

கதை இதுதான். ஒரு மந்திரி, தன் மச்சானுக்குக் காண்டிராக்ட் கொடுத்துப் பாலம் கட்டுகிறார். பாலம் முதல் மழையிலேயே விழுகிறது. சிமென்ட் இருக்க வேண்டிய இடத்தில் மணல்தான் இருந்தது என்று கண்டுபிடித்த இன்ஜினியரைக் கொன்றுவிடுகிறார்கள். பழி அந்த இன்ஜினியரின் கார் டிரைவர் மேல் விழுகிறது. டிரைவருக்காக வாதாட வருகிறவர், ஒரு காலத்தில் அதே மந்திரிக்காக வாதாடிச் சம்பாதித்த வக்கீல். இப்போது மனம் மாறி வந்திருக்கிறார். கொலையைக் கண்ணால் பார்த்த தோட்டக்காரரோ, கூண்டில் ஏறியதும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறார். அந்த இடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் தோட்டக்காரரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

படம் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வழியில் பஸ் டயர் பஞ்சராம். நல்லவேளை, நைனாவுடைய பஸ் இல்லை. வக்கீல், அவருடைய அம்மா, அக்கா என்று மூன்றே பேர். வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, ராகுகாலம் ஆரம்பிச்சுடுச்சே கண்டக்டரண்ணா! ஆறு மணி வரிக்கும் பொண்ணக் கூப்புடாதீங்க."

ஞாயிறென்றால் நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். அதுவரை சித்தி சமையலறையை விட்டு வெளியே வர முடியாது. வந்தவர்களோ எழுந்து போகவும் முடியாது. நைனா வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். அந்த அம்மா மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். மாப்பிள்ளை "ஆங்" என்றார். அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது.

"படம் ஓடிகினு இருக்கட்டுமேங்க. நீங்களும் பாருங்க" என்று மாமா டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

பத்து நிமிடத்தில் மாப்பிள்ளையின் அம்மா தரையில் எங்களோடு இறங்கி உட்கார்ந்துவிட்டார். முன்கதையை நான்தான் அவருக்குச் சொன்னேன். டிரைவரின் மனைவி கோர்ட் வாசலில் அழுதபோது அவரும் முந்தானையை எடுத்தார். மந்திரி சிரித்தபோது, "பாழாப்போறவன், பல்லப் பாரு" என்றார். மாப்பிள்ளை மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவ்வப்போது தலையை ஆட்டி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவு ஒரு கை அளவுக்குத் திறந்திருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. கோர்ட்டே அமைதி. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். டிரைவர் கைகூப்பி நிற்கிறார். நீதிபதி வாயைத் திறந்தார். கரண்ட் போய்விட்டது.

நாங்கள் போட்ட கூச்சலில் தெரு நாய் ஒன்று எழுந்து ஓடியது. மாப்பிள்ளையின் அம்மா, "அந்தப் பையன் கதி இன்னா ஆச்சு? தூக்கா, விடுதலையா? யாராவது சொல்லுங்களேன்" என்று பதறினார். எதிர் வீட்டில் கிரைண்டர் கடகடவென்று மாவு அரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான் தெருவில் கேட்டது.

காற்று வாங்க வாசலுக்குப் போயிருந்த மாமா உள்ளே வந்தார். "இதுக்கு ஏம்மா கவலை? வக்கீலே இங்க உக்காந்துகினு இருக்காரு. அவரையே கேப்போம். சார், தீர்ப்பு இன்னாவா இருக்கும்?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "டிரைவருக்குத் தண்டனைதாங்க."

கூடம் கொந்தளித்தது. ஒரு பையன் "டவுன் டவுன்" என்று கத்தினான். வக்கீலின் சொந்த அம்மாவே, "பாவி, உனக்கு மனசாட்சி இல்லியாடா?" என்றார். ஆனால் அந்த மனிதருக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்ணால் பார்த்த சாட்சி மாற்றிச் சொல்லிவிட்டார், ஆயுதத்தில் டிரைவரின் கைரேகை இருக்கிறது, மந்திரிக்கு எதிராக ஒரு துண்டு ஆதாரம் இல்லை, நீதிபதி அழலாமே தவிர விடுதலை செய்ய முடியாது என்று விரல் மடக்கி எங்களுக்கு விளக்கினார். அதுவரை "ஆங்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத ஆள், கையை வீசி, கூடத்தின் குறுக்கே நடந்து பேசினார். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"அப்ப நாமளே விசாரிப்போம். கரண்ட் வர்ற வரிக்கும் பொழுது போவட்டும்" என்றார் மாமா. நான் அரிசி டிரம் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததால் நீதிபதி ஆனேன். அம்மாவின் கறுப்பு ரவிக்கைத் துணியைத் தோளில் போட்டார்கள். சமையலறைக் கதவிடுக்கிலிருந்து ஒரு வளையல் கை நீண்டு பூரிக்கட்டையைக் கொடுத்தது. அதைக் கொண்டு டிரம்மில் ஓங்கித் தட்டினேன்.

"நம்ம கோர்ட்டுங்கள்ல சுத்தியல் கெடையாதுங்க" என்றார் வக்கீல்.

"எங்க கோர்ட்ல உண்டு" என்றேன். அவர் குனிந்து வணங்கி ஏற்றுக்கொண்டார்.

மந்திரிக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சம்பந்தம் பேசுவதற்காக நைனா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முதலில் மறுத்தார். மாப்பிள்ளையின் அம்மா, "நில்லுங்கண்ணா, உங்களுக்குத்தான் பொருத்தமா கீது" என்றதும் வெட்கத்தோடு எழுந்து ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுதான் கூண்டு.

சாட்சி சத்தியம் செய்ய வேண்டும் என்று மாமா சொன்னார். படத்தில் ஒரு புத்தகத்தின் மேல் கை வைத்துச் செய்தார்கள். என் அம்மாவுக்கு அது சத்தியமாகவே தோன்றவில்லை. நேராக சாமி அலமாரிக்குப் போய் ஒரு தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்து நைனாவிடம் நீட்டினாள். எங்கள் ஊரில் சத்தியம் என்றால் அப்படித்தான். மலையைப் பார்த்து நின்று சூடத்தை அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு பொய் சொன்னால் மலை மேல் இருப்பவர் பார்த்துக்கொள்வார். எங்கள் வாசலில் நின்றால் மலை நேரே தெரியும். அது விளையாட்டு என்பதை அம்மாவும் மறந்திருந்தாள், நைனாவும் மறந்திருந்தார். வாசல் பக்கம் திரும்பி, பக்தியோடு சூடத்தை அணைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வக்கீல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "மந்திரி அவர்களே! பாலம் கட்டற காண்டிராக்ட்டை உங்க மச்சானுக்கே குடுத்தீங்களா, இல்லியா?"

நைனா மலையைப் பார்த்தார். தன் சொந்த மச்சானான மாமாவைப் பார்த்தார். வேர்த்துவிட்டது. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், எனக்குப் பாலமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நான் பஸ் கண்டக்டருங்க."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "பாவா, நீ மந்திரிய்யா!" என்று மாமா தன் அக்கா புருஷனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சூடம் அணைச்சுட்டு எப்பிடிடா மந்திரின்னு சொல்றது? மலை எதுக்கால கீது" என்றார் நைனா. அவர் முகத்தில் நிஜமான பயம் தெரிந்தது. எங்கள் கோர்ட்டின் கோளாறு அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. சத்தியம் செய்த எவராலும் நடிக்க முடியாது. நான் பூரிக்கட்டையால் தட்டித் தட்டிப் பார்த்தேன். சிரிப்பு அடங்கவில்லை.

சிரித்து முடித்து வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி சாட்சிங்க எனக்குக் கெடைச்சிருந்தா இந்நேரம் ஒரு கேஸாவது ஜெயிச்சிருப்பேங்க" என்றார். அவருடைய அம்மா அவர் காலைக் கிள்ளினார். பெண் பார்க்க வந்த இடத்தில் எந்த மாப்பிள்ளையாவது அப்படிச் சொல்வானா? நைனாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

அப்போது கதவிடுக்கிலிருந்து சித்தியின் குரல் வந்தது. என்னைத்தான் கூப்பிட்டாள். "ஜட்ஜம்மா, வக்கீலையும் சத்தியம் பண்ணச் சொல்லு. ஒரு கேள்வி கீது."

ராகுகாலத்தில் பெண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் வழக்கம். கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அதை ஒரு கணம் யோசித்துப் பார்த்துவிட்டு, "கேக்கட்டும், கேக்கட்டும்" என்று கையாட்டினார். அவருக்கும் அதற்குள் வழக்கில் ருசி தட்டிவிட்டிருந்தது. அம்மா இன்னொரு சூடம் ஏற்றினாள். வக்கீல் மலையைப் பார்த்து நின்று அணைத்தார்.

சித்தி கேட்டதை நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். "உங்ககிட்ட அந்த மந்திரி வந்து எனக்காக வாதாடுங்கன்னு கேட்டா, கேஸை எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

சுலபமான கேள்வி. மாட்டேன் என்று சொன்னால் எல்லோரும் கைதட்டியிருப்போம். நைனா அவரைப் பார்த்து, சொல்லுங்க சொல்லுங்க என்பதுபோல் தலையை அசைத்துக்கொண்டிருந்தார். அவரோ மலையையே பார்த்தார். எதிர் வீட்டுக் கிரைண்டர் ஓடி ஓடி நின்றது.

"இதுவரிக்கும் அந்த மாதிரி ஆளு யாரும் என்னைத் தேடி வரலைங்க" என்றார். "வராத வரிக்கும் மாட்டேன்னு சொல்றது ஈஸி. வந்தா இன்னா பண்ணுவேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. மாட்டேன்னு சொல்லணும்னு ஆசை இருக்குது. அவ்ளோதான் சொல்ல முடியும்."

நைனா நெற்றியைத் தடவிக்கொண்டார். எல்லாம் கெட்டது என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்படி ஒரு வக்கீல் ஒருநாளும் படத்தில் வரமாட்டார் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கடிகாரம் ஆறு அடித்தது. யாரும் கூப்பிடவில்லை. சித்தி தானாகவே கதவைத் தள்ளிக்கொண்டு காபித் தட்டோடு வெளியே வந்தாள். நெற்றி வேர்த்திருந்தது, முகம் நன்றாக இருந்தது. தலையைக் குனிந்துகொள்ள மறந்துபோயிருந்தாள். வக்கீலும் எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளைகள் எழுந்து நிற்பதில்லை.

"கனம் நீதிபதி அவர்களே, இவங்ககிட்ட நான் ஒண்ணு கேக்கலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அனுமதி கொடுத்தேன். "பொண்ணு சத்தியமெல்லாம் பண்ணக் கூடாதுடி" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு, சூடத்தைத் தானே ஏற்றி, தானே அணைத்தாள்.

"யாராவது கட்டாயப்படுத்தி உங்களை இங்க நிக்க வெச்சாங்களா?" என்று கேட்டார் அவர்.

நான் டிரம்மை ஓங்கி அடித்தேன். பாலம் எங்கே, இன்ஜினியர் எங்கே, சித்தி நிற்பது எங்கே? "கேஸுக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி! செல்லாது!" என்று கத்தினேன். சித்தி நீதிபதியை மதிக்கவே இல்லை.

"மூணு வாட்டி நிக்க வெச்சாங்க" என்றாள். "இன்னிக்கு நானா வந்தேன்."

சொல்லிவிட்டுக் காபியைக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து சித்தியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அம்மா எதற்கோ அழுதாள். நைனா, மந்திரியாக இருந்த கூச்சம் எல்லாம் விலகி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். மாமா, "நான் போய்க் கரண்ட் வந்துச்சான்னு பாக்கறேன்" என்று வாசலுக்குப் போனார். போன வேகத்தில் கரண்ட் வந்தது.

டி.வி. மினுங்கி எழுந்தது. மாமா ஓடிவந்து டெக்கைத் தட்டிவிட்டார். நீதிபதி வாயைத் திறக்கவும், "நிறுத்துங்கள்!" என்று கூட்டத்திலிருந்து மந்திரியின் மனைவி எழுந்து வந்து எல்லா உண்மையையும் சொல்லிவிட்டாள். டிரைவருக்கு விடுதலை. மந்திரிக்கு விலங்கு. பிள்ளைகள் குதித்தார்கள். "தீர்ப்பு சொல்ற நேரத்துல வந்து சாட்சியா? இதெல்லாம் எந்தக் கோர்ட்லயும் செல்லாதுங்க!" என்று வக்கீல் டி.வி.யைப் பார்த்துக் கதறினார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தீர்ப்பு சொல்ல என்னை ஒருவரும் கேட்கவில்லை. ரவிக்கைத் துணியை உருவி அம்மா மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்தப்பா பிறகு நிறையக் கேஸ்கள் ஜெயித்தார். இத்தனை வருடத்தில் எந்த மந்திரியும் அவரைத் தேடி வரவில்லை. அந்தச் சத்தியத்தைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது என்று சித்தி இன்றைக்கும் அவரைச் சீண்டுவாள்.

அன்று அவர்கள் கிளம்பிப் போன பிறகு நடந்ததுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை. கோபமாக வாசலில் உட்கார்ந்திருந்த என்னைச் சமாதானப்படுத்த மாமா மிட்டாய் எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். மிட்டாயோடு ஒரு சின்னச் செம்புக் கம்பித் துண்டும் வந்து விழுந்தது. எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கட்டும் கம்பி. நீதிபதிப் பதவி எனக்கு இன்னும் இறங்கியிருக்கவில்லை. "கரண்ட் எப்பிடி மாமா போச்சு? எதிர் வீட்ல மட்டும் கிரைண்டர் ஓடிச்சே?" என்று கேட்டேன்.

மாமா என் பின்னால் நின்றிருந்த சித்தியைப் பார்த்தார். எதிரே மலையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவர் மெல்ல எழுந்து, மலைக்கு நன்றாக முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"தானா போச்சு, தானா வந்துச்சு" என்றார்.

பெரியவர்கள் எதற்குச் சுவரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மாமாவின் கடையில் உட்கார்ந்து அந்தக் கேசட்டைச் சித்தி முன்பே முழுதாகப் பார்த்திருந்தாள் என்பதும், நீதிபதி வாயைத் திறக்கும் அந்த இடத்தில் கரண்ட் போக வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லி வைத்தவள் அவள்தான் என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன. பூரிக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் மிட்டாயைச் சப்பினேன். என் தோளில் கை ஊன்றிக்கொண்டு சித்தி சிரித்துக்கொண்டே இருந்தாள். கேஸை நான் நடத்தியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.